ஒரு விரல் நீளம்

உன் கண் இன்று காலை என் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. உன் தங்கைதான் கொண்டுவந்தாள். உங்கள் சமையலறையில் கிடந்த பழைய பெருங்காய டப்பாவில் பஞ்சு வைத்து, அதன்மேல் அந்தப் பிளாஸ்டிக் கண்ணை மல்லாக்க வைத்து, மூடி திறந்துவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். திறந்ததும் பெருங்காய வாசம் அடித்தது. பிறகு நீ என்னைப் பார்த்தாய்.

“அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறச்சயே சொல்லிட்டா,” என்றாள் உன் தங்கை. “‘நேக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இதைக் கழட்டி அவகிட்ட குடுத்துடு, இது அவளோடதாக்கும்’னு. நேக்கு ஒண்ணும் மனசிலாகல்லை. அம்மாவுக்குத் தெரியாது. நீங்களே வெச்சுக்கோங்கோ.”

காப்பி போடவா என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள். அவளுக்கு மனசிலாகாதது எனக்கு உடனே புரிந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் உன்னை எடுத்துக்கொண்டு போனபோது, தெருமுனையில் நின்றுகொண்டு, இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே எனக்கு என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை. அப்படி நினைப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். செத்தும் விடவில்லை நீ.

ஒன்பது வருஷமாக என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். கையைத் தெரிந்து திறந்தாயா, அது தெரியாமல் திறந்துகொண்டதா. ஒன்பது வருஷமும் நான் ஒரே பதில்தான் சொன்னேன். இப்போது உன் கண்ணை மேஜைமேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அது இமைக்காமல் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. இரண்டு கண் இருந்தபோதும் நீ அப்படித்தான் பார்ப்பாய்.

நாம் இருவரும் சந்தித்தது தொண்ணூறுகளின் நடுவில், சாலைக் கடைத்தெருவில், ஓர் அரிசி மொத்தக்கடையின் மாடியில். புதன் சாயங்காலமும் ஞாயிறு காலையும் அங்கே பெண்களுக்குக் கராத்தே. கீழே மூட்டை இறக்கினால் மாடித் தரை அதிரும். பக்கத்துக் கடையில் வற்றல் மிளகாய்ச் சாக்கைப் பிரித்தால் போதும், இருபது பெண்களும் வரிசை கலையாமல் நின்று தும்முவோம். மாஸ்டர் தும்மலையும் சேர்த்து எண்ணிக்கை சொல்லுவார். நீ வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து வந்தாய். சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். வீட்டில் ஹிந்தி கிளாஸ் என்று சொல்லியிருந்தாய். வெள்ளை உடுப்பை டிபன் பைக்குள் திணித்துக்கொண்டு வருவாய். நான் அதே சாலைக் கடைத்தெருவின் பின்சந்தில், கடைகளில் அரிசி மூட்டை எடைபோடும் தராசுக்காரரின் மகள். ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் எங்கள் வீட்டுத் தமிழ் உனக்கு எப்போதுமே ஒரு வேடிக்கை.

முதல் நாள் ஜோடி பிரித்தபோது மாஸ்டர் உன்னையும் என்னையும் எதிரெதிரே நிறுத்தினார். நீ என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய்.

“ஏயப்பா, கையாடி இது? உலக்கைன்னா!”

“ஒனக்குக் கை எங்கட்டி இருக்கு? ரெண்டு முருங்கைக்காயில்லா தொங்குது,” என்றேன்.

நீ சிரித்தாய். எனக்கு உன்னை அப்போதே பிடித்துப்போனது. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. நீயும் சொல்லவில்லை. நமக்கு வேறு வழியில் சொல்லத் தெரிந்திருந்தது, அது அடிப்பது.

மாஸ்டர் கற்றுத்தந்தது ஒகினாவா தீவின் முறை. கோஜு என்று பெயர்; கடினமும் மென்மையும் என்று அர்த்தம் சொல்லுவார். கடினத்துக்குச் சான்சின் என்ற ஆட்டம். முஷ்டியை மூடி, மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து விட்டு, உடம்பு முழுக்க இறுக்கி, மெதுவாக அடியெடுத்து வைத்துக் குத்த வேண்டும். மென்மைக்கு டென்ஷோ. அதே நடை, அதே மூச்சு, ஆனால் கை விரிந்திருக்கும். மணிக்கட்டு சுழலும், உள்ளங்கை தள்ளும், விரல்நுனி பாயும். சான்சின் எனக்கு வந்தது. டென்ஷோ உனக்கு வந்தது. உன் முருங்கைக்காய்க் கைகள் விரிந்து திரும்பும்போது வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். நானும்தான் பார்த்தேன். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

சான்சினுக்கு ஒரு பரீட்சை உண்டு, ஞாபகமிருக்கிறதா? ஒருத்தி முஷ்டியை மூடி நின்று ஆட, அவள் ஜோடி பின்னால் நின்று இரண்டு உள்ளங்கையாலும் அவள் தோளிலும் முதுகிலும் தொடையிலும் அறைய வேண்டும். உடம்பு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மற்ற பெண்கள் தூசி தட்டுவதுபோலத் தட்டிக்கொள்வார்கள். நீ எனக்கு வைத்த அறையில் ஐந்து விரலும் பதிந்து, மறுநாள் கடையில் ரவிக்கைக்கு மேலே தெரியும். புருஷன் இல்லாதவள் முதுகில் யார் அறைந்தது என்று கடைப் பெண்கள் கேட்பார்கள். அடுத்த ஞாயிறு என் முறை வரும். நான் உன்னை அறைந்ததில் உனக்கு ஒரு நாள் காய்ச்சலே வந்தது. “போறுமா? திருப்தியா?” என்று போனில் கேட்டாய். திருப்தியாகத்தான் இருந்தது.

இனி அளவு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஒவ்வொரு ஜோடிச் சண்டைக்கு முன்னாலும் அளவெடுப்போம். ஒருத்தி கையை முழுக்க நீட்டி, மூடிய முஷ்டியின் முட்டியால் மற்றவள் மூக்கு நுனியைத் தொட வேண்டும். தொட்டபின் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்து, காலைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து எத்தனை வேகமாகக் குத்தினாலும் முஷ்டி மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடும். கொஞ்ச நாளில் கோடு வேண்டாம், கண்ணே அளந்துவிடும். மாஸ்டர் தன் மலையாளத் தமிழில் வாரம் தவறாமல் சொல்லுவார்: “முஷ்டி அடச்சா அளவு உண்டு. கை துறந்தா அளவு மாறும். பிளாக் பெல்ட் ஆகறது வரை ஜோடிச் சண்டையில ஆரும் கை துறக்கண்டா. மனசிலாயோ?”

மூடிய கையைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் மனசிலாயிற்று. உனக்கு மட்டும் அதைச் செய்து பார்க்க வேண்டும். ஓர் ஆடி மாதம், மழை கொட்டி வகுப்புக்கு நாம் இரண்டே பேர் வந்திருந்தோம், மாஸ்டரும் வரவில்லை. “எத்தனை மாறும்னு பாக்கலாமாடி?” என்றாய். சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். மூடிய முஷ்டிக்கு ஒரு கோடு, அதே கை விரிந்தபோது ஒரு கோடு. நடுவே என் நடுவிரல் நீளம் அப்படியே இருந்தது. பிறகு நீ சுவரில் சாய்ந்து நின்றாய். “இப்ப என் கண்ணுக்கு நேரே வா. தொறந்த கையோட.” நான் ஒரு விரல் நீளம் பின்னால் போய் நின்று பத்துமுறை கையைத் திறந்து வீசினேன். பத்தும் உன் இமைமயிருக்கு முன்னால் நின்றன. அப்புறம் மூடிய முஷ்டிக்கான தூரத்துக்கே முன்னால் வரச்சொன்னாய். அங்கிருந்தும் வீசினேன். முழங்கையைக் கொஞ்சம் மடக்கிப் பிடித்தால் அங்கிருந்தும் நிறுத்தலாம் என்று கண்டுகொண்டேன். ஒருமுறைகூட நீ இமைக்கவில்லை. “சரியான துணிக்கடைக்காரிடி நீ,” என்றாய். உன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

அந்த வருஷக் கடைசியில் பிளாக் பெல்ட் தேர்வு வந்தது. கொச்சியிலிருந்து பரிசோதிக்க ஒருவர் வந்தார். என் சான்சினில் அவரே பின்னால் வந்து அறைந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். டென்ஷோவில் என் கை திறந்தது, ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே வளைந்துகொண்டே இருந்தன. மறுபடி ஆடச்சொன்னார். அதற்கும் மறுபடி. மூன்றாவது முறை பாதியில் “மதி”, போதும் என்று கையைக் காட்டிவிட்டார். நீ தேறினாய், நான் தேறவில்லை. பொறாமையாக இருந்தது. ஆனால் அது அடுத்த வருஷம் வரை பொறுத்துக்கொள்ளக்கூடிய பொறாமைதான்.

புதன்கிழமை நீ அதை அப்படியே விடவில்லை. புதுக் கறுப்புப் பட்டையோடு வகுப்பு முன்னால் நின்று டென்ஷோ ஆடிக் காட்டினாய். எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இப்ப நம்ம ஆளு பண்றதைப் பாருங்கோ,” என்று என்னைப் போலவே தோளைத் தூக்கி, விரல்களைச் சுருட்டி, மூக்கை விடைத்துக்கொண்டு ஆடினாய். நன்றாகத்தான் ஆடினாய். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

சிரிப்பு ஓய்ந்தபின் சொன்னாய்: “நாள் பூரா அடுத்தவா துணியை இறுக்கிப் புடிச்சுண்டு நிக்கறவளுக்குக் கை எப்படித் தொறக்கும்? தொறந்தா கையில இருக்கறது போயிடுமோன்னு பயம். இல்லாத ஆத்துக் கை அப்படித்தானிருக்கும், கேட்டேளா.”

நீ வேடிக்கையாகத்தான் சொன்னாய். எனக்குத் தெரியும். உனக்கு நாக்கு அப்படி; உன் அம்மாவையே விடமாட்டாய். ஆனால் அங்கே நின்றிருந்தவர்களில் மூன்று பேர் எங்கள் சந்துக்காரிகள். என் அப்பா சட்டையில் ஒட்டிய அரிசித் தவிட்டோடு வீடு திரும்புவதைத் தினமும் பார்க்கிறவர்கள். அவர்கள் சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

புதன் சாயங்காலத்திலிருந்து ஞாயிறு காலை வரை நான் கடையில் துணி அளந்தேன். மீட்டர் கோலை வைக்கும்போதெல்லாம் இல்லாத ஆத்துக் கை என்று காதுக்குள் கேட்டது. ஒரு துண்டும் பிசகவில்லை.

ஞாயிறு காலை நீ எனக்காகக் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தட்டை கொண்டுவந்தாய். உங்கள் வீட்டுத் தட்டைக்கு நான் உயிரை விடுவேன் என்று உனக்குத் தெரியும். மாடிப்படியிலேயே நீட்டினாய்.

“கோவமாடி?”

“எனக்கென்ன கோவம்,” என்று வாங்கி ஒன்றைக் கடித்தேன்.

அளவெடுத்தோம். என் முட்டி உன் மூக்கைத் தொட்டது. ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தேன். மாஸ்டர் எல்லோருடைய நகத்தையும் பார்த்தார். நான் ஒட்ட வெட்டியிருந்தேன். சண்டை தொடங்கியது. இரண்டு முறை நீ என்னை வயிற்றில் தொட்டாய். மூன்றாவது முறை நீ உள்ளே வரும்போது நான் வலது முஷ்டியை வீசினேன். பாதி வழியில் அது திறந்திருந்தது.

நீ கத்தவில்லை. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாய். விரலிடுக்கில் ரத்தமும் தண்ணியுமாக வந்தது. பெண்கள்தான் கத்தினார்கள். கீழே யாருக்கும் ஒன்றும் தெரியாது, மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஆட்டோவில் நீ என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாய். மாஸ்டர் முன்னால் டிரைவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி என்னிடம் என்னமோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நீ சொன்னாய்: “நான்தான் ஸார் முன்னாடி சாஞ்சுட்டேன். அவ அளவு சரியாத்தான் இருந்தது.”

டாக்டரிடமும் அதையே சொன்னாய். உன் அப்பா அம்மாவிடமும் அதையே. இரண்டு வாரம் வைத்தியம் பார்த்துவிட்டு, மற்றக் கண்ணுக்கும் ஆபத்து வரலாம் என்று அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். நீ எனக்காகப் பொய் சொல்லிவிட்டாய், மன்னித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு, கட்டோடு கிடந்த உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் ஒப்பாரி வைத்தேன். உன் அம்மா வெந்நீர் வாங்க வெளியே போகும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அழுது முடிச்சாச்சா?” என்றாய். “ஏன் சொல்லல்லைன்னு நினைக்கறே? சொன்னா என்ன ஆகும்? உன்னைக் கிளாஸ்லேர்ந்து விரட்டுவா. எங்கப்பா உங்காத்துக்கு வந்து ரெண்டு கத்து கத்துவார். நீ ரெண்டு நாள் சாப்பிடாம இருப்பே. அதோட நோக்குத் தீர்ந்துடும். அப்படித் தீர்த்துவிட நேக்கு மனசில்லை.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“நீ கை தொறக்கறதைப் பார்த்தேன்டி. நன்னாப் பார்த்தேன். விலகியிருக்கலாம். நீ நிறுத்துவேன்னு நினைச்சேன். அன்னிக்கு மழையில நிறுத்தினியே.” ஒற்றைக் கண் என்மேலிருந்து நகரவில்லை. “தெரிஞ்சு தொறந்தியா? தெரியாமலா?”

“அறியாமத் தொறந்துட்டு.”

“பிளவுஸ் துணியில ஒரு விரற்கடை தப்பாதவ நீ.”

“அறியாமத்தான். எங்க அப்பாமேல சத்தியம்.”

“உங்கப்பா பாவம்,” என்றாய்.

அப்படித் தொடங்கியவைதான் நம் ஞாயிற்றுக்கிழமைகள். வகுப்பு முடிந்ததும் நான் வலியசாலைக்கு வர வேண்டும். வராத வாரம் திங்கட்கிழமை காலையிலேயே கடைக்குப் போன் வரும். பிளாஸ்டிக் கண் வந்த பிறகு அதைக் கழற்றி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கழுவி, திரும்ப உன் கையில் தருவது என் வேலையாயிற்று. “எடுத்தவதானே கழுவணும்,” என்பாய். உன் அம்மா என்னை எத்தனை நல்ல சிநேகிதி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைப்பாய். அந்தப் புன்னகைக்கு நான் வாங்கிய அறைகள் எவ்வளவோ தேவலை.

தென்காசியிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த நாளும் என்னை வரச்சொன்னாய். கண் விஷயத்தைப் பதமாகச் சொல்லியிருந்தார்கள்; அவர்களும் சரி என்றுதான் வந்திருந்தார்கள். பையன் நல்லவனாகத்தான் தெரிந்தான். அவன் அம்மா மட்டும், “பார்த்தா ஒண்ணுமே தெரியல்லையே, நெஜக் கண்ணாட்டமே இருக்கு,” என்று பெரிய மனசோடு சொன்னாள். நீ தலையைக் குனிந்து கண்ணைக் கழற்றி, அவள் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாய்.

“கிட்டக்கப் பாருங்கோ, தெரியும்,” என்றாய். பிறகு என் தோளில் கைபோட்டுக்கொண்டு, “இவ நேக்குக் கண்ணு மாதிரியாக்கும்,” என்றும் சேர்த்தாய்.

அவர்கள் காப்பியை முடிக்கவில்லை. உன் அம்மா சமையலறையில் அழுதாள். நீ கூடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தச் சம்பந்தத்தையும் நான்தான் கெடுத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும், அதற்காகவே அவர்களை வரவழைத்தாயோ என்று பலநாள் நினைத்தேன். அத்தனை வன்மம் உனக்கு உண்டு.

ஆனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை. நீ படுத்திருந்த அதே வருஷம் நான் வகுப்பை விடவில்லை. எல்லோரும் விடுவேன் என்று நினைத்தார்கள். அடுத்த தேர்வில் டென்ஷோ ஆடினேன். என் விரல்கள் வளையவில்லை. கொச்சிக்காரர், “இப்போ கை துறந்து!” என்று சந்தோஷப்பட்டார். பட்டையைக் கட்டிக்கொண்டு அன்று மத்தியானமே நேராக உன் வீட்டுக்கு வந்தேன். காட்டத்தான் வந்தேன், வேறு எதற்கும் இல்லை. உன் கண்ணில் பட்ட பிறகுதான் என் கை திறக்கத் தொடங்கியது என்பது உனக்கும் தெரிய வேண்டும் என்று வந்தேன். நீ கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, “ஆடு, பாக்கட்டும்,” என்றாய். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த இடத்தில் ஆடினேன்.

“இடது மணிக்கட்டு லேட்டாத் திரும்பறது,” என்றாய் பிறகு. “மறுபடி ஆடு.”

அன்று நான்கு முறை ஆடவைத்தாய். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும். ஒற்றைக் கண்ணால் நீ பிடித்த பிழைகளை மாஸ்டர் இரண்டு கண்ணால் பிடித்ததில்லை. இன்று என் கையில் இருக்கும் டென்ஷோ உன்னுடையதுதான். அதைச் சொல்லித்தந்துவிட்டு, நான் கிளம்பும்போது வாசலில் வைத்து ஒவ்வொரு வாரமும் கேட்பாய்: “தெரிஞ்சா, தெரியாமலா?” தெரியாமல் என்பேன். “சரி, அடுத்த வாரம் வா,” என்பாய்.

இந்த மழைக்காலத்தில் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. நாலே நாள். மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தேன். உயிருள்ள கண் மஞ்சள் பூத்துக் கிடந்தது. பிளாஸ்டிக் கண் மட்டும் வெள்ளை வெளேரென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. நீ பேச மூச்சு வாங்கியது. உன் தங்கையை வெளியே அனுப்பினாய்.

“இப்பவாவது சொல்லேண்டி. நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்?”

சொல்லிவிடத்தான் வந்தேன். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போதே அந்த ஒரு வார்த்தையை எடுத்துவைத்திருந்தேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. ஒன்பது வருஷமாக உனக்கு என்னிடம் வேண்டியிருந்தது இது ஒன்றுதான். இதையும் கொடுத்துவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? நீ சொன்னது சரிதான். இல்லாத வீட்டுக் கை அப்படித்தான் இருக்கும்.

“அறியாமத்தான் தொறந்துட்டு,” என்றேன்.

நீ ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாய். கோபமில்லை. சிரிப்பு வந்ததுபோலக்கூட இருந்தது. “சரி. நாளைக்கு வா,” என்றாய். மறுநாள் நான் வந்தபோது உன் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தது.

அந்த அரிசிக்கடை மாடியில் இப்போது ஞாயிறு காலை வகுப்பை நான்தான் எடுக்கிறேன். அளவெடுக்கச் சொல்லுகிறேன், நகம் பார்க்கிறேன், சாக்பீஸ் கோடு போடச் சொல்லுகிறேன். சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று. நம் பென்சில் கோடுகள் இருந்த இடம் எனக்கு மட்டும் தெரியும். பெண்கள் என்னிடம் பயப்படுகிறார்கள். நான் சிரிக்காத ஆசிரியை என்று பெயர்.

உன் தங்கை போனபின் கதவைத் தாழிட்டேன். அலமாரித் தட்டில், உன் உயரத்துக்கு, ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் உன் கண்ணை வைத்தேன். கையை நீட்டி முட்டியால் தொட்டேன், ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தேன். முஷ்டியின் அளவு, அந்த ஞாயிற்றுக்கிழமையின் அளவு. மூடிய கையை வீசி, பாதி வழியில் திறந்தேன்.

கண் அசையவில்லை. என் நடுவிரல் அதற்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றிருந்தது. திரும்பவும் வீசினேன். திரும்பவும் நின்றது. பத்து முறை வீசினேன். நான் நிறுத்தவே வேண்டியிருக்கவில்லை. விரல் திறந்ததுமே முழங்கை தானாக மடங்கிக்கொண்டது. அந்த மழைநாளில் உன் கண்ணுக்கு எதிரே பழகியது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உடம்பு மறக்கவில்லை.

அன்றைக்கும் அது மடங்கத்தான் பார்த்தது. நான்தான் நீட்டினேன்.